மெய்ன் மாநில மூஸ் வேட்டை: காப்பதற்காகச் சுடுவது முறையா?

வெண்பனியன்

அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வடபகுதியில் 11 ஆண்டுகளாக வசிக்கிறேன். எங்கள் அண்டை மாநிலமான மெய்ன், 2021-இல் தன் வடமேற்கு மூலையிலுள்ள ஒரு வேட்டை வட்டத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மட்டும் மூஸ் எனும் மிகப் பெரிய மானினத்தின் பெண் விலங்குகளைச் சுட நூற்றுக்கணக்கான கூடுதல் அனுமதிகளை வழங்கத் தொடங்கியது. மூஸ்கள் நெருக்கமாக வாழ்வதால் உண்ணி பெருகுகிறது, நெருக்கத்தைக் குறைத்தால் எஞ்சியவை நலமாக வாழும் என்று வனவிலங்குத் துறை விளக்கம் தருகிறது. என்னால் இதை ஏற்க இயலவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெய்ன் முழுவதிலும் ஏறத்தாழ 2,000 மூஸ்களே எஞ்சியிருந்தன. 1930-களின் நடுவில் வேட்டையை நிறுத்தி, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, 1980-இல்தான் 700 பேருக்குக் குலுக்கல் முறையில் அனுமதி கொடுத்தார்கள். இன்று, அலாஸ்காவை விட்டுவிட்டால், அமெரிக்காவிலேயே அதிக மூஸ்கள் இருப்பது அங்கேதான். அவ்வளவு பொறுமையாக மீட்ட ஓர் உயிரினத்தின் ஈனும் வயதுப் பெண்களையே தேடிச் சுடுவது என்ன வகைப் பாதுகாப்பு?

கானவன்

வெண்பனியன் அவர்களே, நான் மெய்னில் வேட்டை உரிமம் பெற்றவன். என் சார்பு எது என்பது தெரிந்திருக்கட்டும் என்பதற்காகவே இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் சொல்லும் மீட்சியில் வேட்டைத் தடைக்குப் பங்கு உண்டு, ஆனால் அது பாதிக் கதைதான். 19-ஆம் நூற்றாண்டில் இப்பகுதியின் காடுகளை வெட்டி ஆட்டுப் பட்டிகளும் வயல்களும் அமைத்தவர்கள் பிறகு அவற்றைக் கைவிட்டு மேற்கே சென்றார்கள். அந்த நிலத்தில் காடு திரும்ப வளர்ந்தது. அதன்பின் 1970-களிலும் 80-களிலும் ஊசியிலை மரங்களைப் புழு தாக்கியபோது, கெட்டுப்போகும் முன் மரத்தை எடுத்துவிட வேண்டும் என்று காகித ஆலைகள் பெரும் பரப்புகளை மொட்டையடித்தன. அந்த வெட்டுநிலங்களில் முளைத்த இளந்தளிர்கள் மூஸுக்கு விருந்தாயின. ஓநாய்களோ 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள்ளேயே அங்கிருந்து ஒழிந்துவிட்டன. எல்லையற்ற தீனியும் இல்லாத எதிரியும் சேர்ந்து உருவாக்கிய எண்ணிக்கை அது. அதையே இயல்பான அளவு என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒன்று குறைந்தாலும் இழப்பு என்று கணக்கிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

செங்காந்தள்

கால்நடை மருத்துவர் என்ற முறையில் உண்ணியைப் பற்றிச் சிறிது விளக்கலாமா? இருவருமே அதைப் பெயரளவில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள்.

இது மனிதரிடம் ஏறி நோய் பரப்பும் மான் உண்ணி அன்று; குளிர்கால உண்ணி எனப்படும் வேறு இனம். இரத்தம் குடித்து வளரும் காலம் முழுவதையும் ஒரே விலங்கின் மீது கழிக்கும். இலையுதிர் காலத்தில் இதன் குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கால் பின்னிக்கொண்டு செடி நுனிகளில் கொத்தாகக் காத்திருக்கும். ஒரு மூஸ் உரசிச் சென்றால் கொத்து முழுவதும் அதன் மேல் ஏறிவிடும். குளிர்காலம் முழுக்க உடலிலேயே தங்கி, மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெண் உண்ணிகள் வயிறு முட்ட இரத்தம் குடித்து உதிர்ந்து மண்ணில் முட்டையிடும். வெண்வால் மான் தன்னை நக்கியும் கடித்தும் இவற்றை நீக்கிக்கொள்ளப் பழகியது. மூஸுக்கு அந்தப் பழக்கம் போதவில்லை. அது மரத்தில் உராய்ந்து உராய்ந்து மயிரை இழந்து, வெளிறிய தோலுடன் திரிவதால் 'பேய் மூஸ்' என்றே அங்குள்ளோர் அதை அழைக்கிறார்கள்.

நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தின் பீட்டர் பெக்கின்ஸ் குழுவினர் 2014 முதல் 2016 வரை நியூ ஹாம்ப்ஷயரிலும் மெய்னிலும் கழுத்துப்பட்டை கட்டிக் கண்காணித்த கன்றுகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு முதல் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. இறந்த கன்றுகளின் மீது சராசரியாக 47,000 உண்ணிகள் இருந்தன. துப்பாக்கியால் நொடியில் சாவதா, ஒன்பது மாதக் கன்றாக இரத்தம் வற்றி நாள்கணக்கில் சாவதா என்பதையும் இந்த விவாதத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

வெண்பனியன்

மருத்துவர் அம்மாவுக்கு நன்றி. ஆனால் நீங்கள் தந்த விவரமே என் பக்கம் பேசுகிறது. முதற்பனி தாமதமாக விழுவதால் குஞ்சுகள் செடியில் காத்திருக்கும் நாள்கள் நீள்கின்றன. ஏப்ரலில் தரையில் பனி இல்லாததால், உதிரும் உண்ணிகள் சாகாமல் முட்டையிடுகின்றன. குற்றம் மாறிப்போன குளிர்காலத்தினுடையது, தண்டனை மட்டும் மூஸுக்கா? நெருக்கத்தைக் குறைத்தே ஆக வேண்டுமெனில் அதற்கென்றே இயற்கை வைத்திருந்த ஓநாயை ஏன் கொண்டுவரக் கூடாது? சுப்பீரியர் ஏரியின் ஐல் ராயல் தீவில் ஓநாய்கள் இரண்டாகக் குறைந்துபோயின. மூஸ்களோ 2019-இல் 2,060 ஆகப் பெருகின. 2018, 2019 ஆண்டுகளில் 19 ஓநாய்களை விட்டார்கள். 2023-இல் மூஸ்கள் 967.

கானவன்

அந்த வீழ்ச்சி முழுவதையும் ஓநாயின் கணக்கில் எழுத முடியாது, ஐயா. தீவின் மூஸ்கள் தம் குளிர்கால உணவான பால்சம் மரக்கன்றுகளைத் தின்று தீர்த்துப் பட்டினியால் செத்தன. அங்கும் உண்ணி இருந்தது. மேலும், அது மனிதர் குடியிராத தேசியப் பூங்கா. மெய்னின் வடகாடு பெரும்பாலும் தனியார் மரக் குழுமங்களுக்குச் சொந்தமான நிலம். அங்கே ஓநாயைக் கொண்டுவரும் பேச்சு முடிவதற்குள் எத்தனை கன்றுகள் சாகும் என்று எண்ணிப் பாருங்கள். குளிர்காலத்தைத் திருத்தும் வழி வனத்துறையின் கையில் இல்லை. அனுமதிச் சீட்டுதான் இருக்கிறது.

கடலோரன்

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவிலிருந்து எழுதுகிறேன். இங்கு மூஸ் மண்ணின் விலங்கே அன்று. 1904-இல் நான்கே நான்கைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று ஒரு லட்சத்துக்கும் மேல். ஓநாய் இல்லாத தீவில் அவை இளமரங்களைத் தலைதூக்க விடாமல் மேய்ந்ததால், 2011-இல் இரண்டு தேசியப் பூங்காக்களுக்குள்ளேயே வேட்டையை அனுமதிக்க நேர்ந்தது. கூடிக்கொண்டே போகும் எண்ணிக்கையைக் கண்டு மகிழ்வோர், இங்கு இரவில் ஒருமுறை காரோட்டிப் பார்க்கட்டும். விலங்கின் நிறம் கருமை. நெட்டைக் கால்களின் மேல் தலை மிக உயரத்தில் இருப்பதால், மற்ற மான்களைப் போல் விளக்கொளியில் கண்கள் மின்னுவதில்லை. மோதினால் கால்கள் மடங்கி, 400 கிலோ உடல் கண்ணாடியின் மீது வந்து விழும்.

வெண்பனியன்

சாலை ஆபத்தை நான் மறுக்கவில்லை. எங்கள் மாநிலத்தில் 'மூஸுக்குப் பிரேக் போடுங்கள்' என்ற ஒட்டுப்படம் இல்லாத பழைய காரைக் காண்பது அரிது. ஆனால் அதற்குத் தீர்வு வேகத்தைக் குறைப்பது. மே மாதத்தில் அவை சாலையோரச் சேற்றுக்கு வருவதே நாம் பனியை உருக்கக் கொட்டிய உப்பைத் தேடித்தான். காட்டுப் பாதையிலும் அப்படியே: அசையாமல் நின்று விலங்கை மதித்தால் அது நம்மை ஒன்றும் செய்யாது.

செங்காந்தள்

இந்தக் கடைசி வரியை மட்டும் யாரும் நம்பிவிட வேண்டாம். காதுகள் பின்னால் மடங்கி, முதுகுத் திமிலின் மயிர் சிலிர்த்து, அது உதட்டை நக்கத் தொடங்கினால் பாயப்போகிறது என்று பொருள். கரடிக்கு முன்னால் ஓடக் கூடாது. மூஸ் பாய்ந்தால் ஓடத்தான் வேண்டும், ஓடி ஒரு பருத்த மரத்தின் பின்னால் நின்றுகொள்ள வேண்டும். கன்றோடு நிற்கும் தாயிடமும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இணைதேடும் ஆணிடமும் மிகுந்த எச்சரிக்கை தேவை. நாயை அவிழ்த்துவிடவே கூடாது. மூஸுக்கு நாயும் ஓநாயும் ஒன்றே; விரட்டப்பட்ட நாய் உங்களிடம்தான் திரும்பி ஓடிவரும்.

வெண்பனியன்

திருத்தத்தை ஏற்கிறேன். சென்ற ஜூனில் மெய்னிலுள்ள பாக்ஸ்டர் மாநிலப் பூங்காவின் சாண்டி ஸ்ட்ரீம் குளத்தில், தலையை முழுதும் நீருக்குள் அமிழ்த்தித் தண்டுகளைப் பிடுங்கி உண்ட ஒரு பெண் மூஸை அரை மணி நேரம் கரையிலிருந்து பார்த்தேன். அதன் தோளில் மயிர் திட்டுத் திட்டாக உதிர்ந்திருந்தது. அருகில் கன்று இல்லை. அப்போது அதை நான் பெரிதாக எண்ணவில்லை.

கானவனிடம் ஒன்று கேட்கிறேன். சுடப்பட்ட பாதியிலும் சுடப்படாத பாதியிலும் கன்றுகள் ஒரே விகிதத்தில் செத்தால், கூடுதல் அனுமதிகளை நிறுத்தச் சொல்லி உங்களைப் போன்ற வேட்டைக்காரர்கள் துறைக்கு எழுதுவார்களா?

கானவன்

எல்லோருக்காகவும் என்னால் பேச இயலாது. வேறுபாடு இல்லையென்றால் நான் எழுதுவேன். வேறுபாடு இருந்தால், அடுத்த குலுக்கலில் பெண் மூஸ் அனுமதிக்கே விண்ணப்பிப்பேன். கொம்புக்காக ஆண் அனுமதி கேட்டு வரிசையில் நிற்பவர்களே எங்களில் மிகுதி.