மூலம் இல்லாமலே 511 உச்சி: குமரிக் கடலோரத்தில் எப்படிக் கழிக்கிறீர்கள்?

மணவாளக்குறிச்சி, கேரளத்துச் சவறா பக்கம் காமா நிறமாலை (காமா கதிர்களை ஆற்றல்வாரியாக எண்ணும் படம்) எடுக்கும் ஆசிரியர்கள், ஆய்வகக்காரர்கள் கொஞ்சம் கைகொடுங்க.

பீட்டா பிளஸ் சிதைவைக் காட்ட சோடியம்-22 கதிரியக்க மூலமும் காமாவை எண்ணச் சோடியம் அயோடைடு டிடெக்டரும் வைத்திருக்கிறோம். கருவில் ஒரு புரோட்டான் நியூட்ரானாக மாறும், பாசிட்ரானும் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) நியூட்ரினோவும் வெளியேறும், மிஞ்சுவது நியான்-22. அணு நிறைகளைக் கழித்தால் சுமார் 2843 கே.இ.வி. (ஆற்றல் அலகு; கீழே எல்லா ஆற்றலும் இதில்தான்) வரும். அதில் இரண்டு எலக்ட்ரான் நிறைக்கு 1022, நியான் விடும் காமாவுக்கு 1275 போக, பாசிட்ரானுக்கு அதிகபட்சம் 546. (பிள்ளைகள் கணக்கைக் கோட்டை விடுவது இந்த 1022-இல்தான்.) மூலத்தின் இருபுறமும் 1 மி.மீ. அலுமினியத் தகடு வைத்தால் பாசிட்ரான் அதிலேயே நின்று, ஒரு எலக்ட்ரானோடு சேர்ந்து அழிந்து, எதிரெதிர் திசையில் இரண்டு 511 காமா கிளம்பும். இதுவரை சரி.

மூலத்தை எடுத்த பிறகும் 511-இல் ஒரு மேடு நிற்கிறது, பக்கத்தில் 583-உம். இந்தக் கடற்கரை மோனசைட் மணலில் உள்ள தோரியம் படிப்படியாகச் சிதையும் வரிசையில் வரும் தாலியம்-208-தான் காரணம்: அதற்கே 510.8-இல் ஒரு கோடு உண்டு, இந்த டிடெக்டரால் பிரிக்க முடியாது. போதாக்குறைக்கு, அதன் 2615 காமா டிடெக்டரைச் சுற்றி மறைப்புக்கு வைத்த ஈயச் செங்கலிலேயே எலக்ட்ரான்-பாசிட்ரான் ஜோடி உருவாக்கி இன்னொரு 511-ஐத் தருகிறது.

கேள்விகள்: ஈயம் 5 செ.மீ. போதுமா, 10 வேண்டுமா? பின்னணியை அதே நேர அளவுக்கு எடுத்துக் கழிக்கிறீர்களா, 583-ஐ வைத்து அளவிடுகிறீர்களா? இரட்டை டிடெக்டர் ஒத்திசைவில் (இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவானதை மட்டும் எண்ணும்போது) 90 டிகிரியிலும் எண்ணிக்கை மிஞ்சுகிறது. 1275-இன் காம்ப்டன் சிதறல் (காமா தன் ஆற்றலில் ஒரு பகுதியை மட்டும் டிடெக்டரில் விடுவது) 511 சாளரத்துக்குள் (எண்ணிக்கைக்கு எடுக்கும் ஆற்றல் எல்லைக்குள்) விழுவதால் என்று நினைக்கிறோம். சாளரத்தை எவ்வளவு குறுக்குகிறீர்கள்? மூலம் 10 ஆண்டுப் பழசு, அரை ஆயுள் 2.6 ஆண்டு என்பதால் 7% தான் மிச்சம். அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்க.