புதுப்பிப்பு: பாட்டியோடு கப்பலில் போய் வந்துவிட்டோம்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: பஸ் திண்டிவனம் தாண்டினாலே தலைசுற்றும் பாட்டியை, சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போகும் கப்பலில் அழைத்துப் போகலாமா என்று. நேற்றுதான் சென்னை திரும்பினோம். பாட்டிக்கு ஒரு நாள்கூடக் குமட்டவில்லை!

நீங்கள் சொன்னபடியே கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை எடுத்தோம். ஆட்டம் அங்கேதான் குறைவு. முனைகளும் மேல்தளங்களும் அதிகம் அசையும். மலாக்கா நீரிணைக்கு இரு பக்கமும் நிலம் என்பதால் பெரிய அலையும் இல்லை.

பினாங்கில் ஜார்ஜ் டவுன் துறையிலிருந்து லிட்டில் இந்தியா நடக்கும் தூரம்தான். அங்கே குயின் தெருவில் 1833-இல் கட்டிய மகாமாரியம்மன் கோயில். கோபுரத்தைப் பார்த்ததும் பாட்டி கைகூப்பி அப்படியே நின்றுவிட்டார். பூ விற்ற அம்மா, "எந்த ஊரும்மா?" என்று தமிழில் கேட்டார். "மயிலாப்பூர்" என்று பாட்டி சொன்னதுதான் தாமதம், இருவரும் அரைமணி நேரம் பேசினார்கள். எனக்கு 22 வயது. பாட்டி அவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை.

புக்கெட்டில் கப்பல் படோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரமிட்டது. சிறு படகில்தான் கரைக்குப் போக வேண்டும். பாட்டிக்கு அது சரிவராது என்று நான் துணைக்கு இருந்துவிட்டேன். அப்புறம் ஒன்று: தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்னால். அப்பாவின் ஃபோன் தானாக மாறிவிட்டது, எங்கள் கப்பல் நேரம் மாறவில்லை. கடைசிப் படகைப் பிடிக்க அம்மாவும் அப்பாவும் ஓடி வந்தார்கள். கையில் சாதாரண கடிகாரம் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள்.