ஐ2சி பஸ்: ரீசெட் செய்தால் எஸ்டிஏ லோவிலேயே மாட்டிக்கொள்கிறது

கேள்வி:
ஏடிமெகா328பி மைக்ரோகண்ட்ரோலர், 5 வோல்ட், ஐ2சிக்கு (இரண்டே கம்பியில் சிப்கள் பேசும் முறை) ஆர்டுயினோ வயர் லைப்ரரி. ஏ4 (எஸ்டிஏ, டேட்டா கம்பி), ஏ5 (எஸ்சிஎல், கிளாக் கம்பி) பின்களிலிருந்து 1 மீட்டர் ரிப்பன் கேபிள். மறுமுனையில் டிஎஸ்3231 கடிகாரச் சிப் (பேட்டரியுடன்), 24எல்சி256 ஈஈப்ராம் (பவர் போனாலும் அழியாத மெமரி). மாட்யூல் அல்ல, வெறும் சிப்கள். வெளியே புல்-அப் (கம்பியை 5 வோல்ட்டுக்கு ஏற்றும் ரெசிஸ்டர்) போடவில்லை; வயர் லைப்ரரியின் பிகின் கொடுத்தாலே உள்ளே இருப்பது ஆன் ஆகிவிடுமே. முகவரிகளை ஸ்கேன் செய்தால் சில நேரம் ஹெக்ஸ் 50 (ஈஈப்ராம்), 68 (கடிகாரம்) இரண்டும் வருகின்றன, சில நேரம் ஒன்றுமே இல்லை. ரீசெட் அழுத்தினால் அவ்வப்போது புரோகிராம் நின்றுவிடுகிறது. அப்போது எஸ்சிஎல் 5 வோல்ட், எஸ்டிஏ கிட்டத்தட்ட 0. பவரை அணைத்துப் போட்டாலும் அதே கதை. சிப் போய்விட்டதா?

பதில் 1:
சிப் நன்றாகத்தான் இருக்கும். முதல் கோளாறு புல்-அப். ஐ2சியில் யாரும் கம்பியை ஹைக்குத் தள்ளுவதில்லை. லோவுக்கு இழுப்பார்கள், இல்லையென்றால் விட்டுவிடுவார்கள். மேலே ஏற்றுவது ரெசிஸ்டர் மட்டுமே. உள்ளே இருப்பது 20 முதல் 50 கிலோ ஓம். கேபிளும் பின்களும் சேர்ந்து 150 பிகோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், ஏறும் நேரம் 0.85 × ஆர் × சி. 35 கிலோ ஓமுக்கு அது சுமார் 4.5 மைக்ரோ செகண்ட். 100 கிலோஹெர்ட்ஸுக்கு வரம்பே 1 மைக்ரோ செகண்ட்தான்.

எஸ்டிஏ, எஸ்சிஎல் இரண்டிலிருந்தும் 5 வோல்ட்டுக்கு 4.7 கிலோ ஓம் போடுங்கள்: 600 நானோ செகண்ட். 400 கிலோஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் வரம்பு 300, அப்போது 2.2 கிலோ ஓம். 1.5 கிலோவுக்குக் கீழே போகாதீர்கள், சிப் 3 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டிவரும். ரிப்பனில் எஸ்டிஏவும் எஸ்சிஎல்லும் பக்கத்துப் பக்கத்தில் ஓட வேண்டாம், நடுவே கிரவுண்ட் வையுங்கள்.

பதில் 2:
ரீசெட் சிக்கல் வேறு, ரெசிஸ்டர் மட்டும் அதைத் தீர்க்காது. படித்துக்கொண்டிருக்கும்போது ரீசெட் விழுந்தால், ஸ்லேவ் (பதில் தரும் சிப்) ஒரு 0 பிட்டை எஸ்டிஏவில் வைத்துவிட்டு அடுத்த கிளாக்குக்குக் காத்திருக்கும். மாஸ்டரோ (இங்கே ஏடிமெகா) எஸ்டிஏ ஹை ஆகட்டும் என்று காத்திருக்கும். பவரை அணைத்தும் தீராததால் என் சந்தேகம் டிஎஸ்3231 மேல்தான். பேட்டரி இருக்கும்வரை அதன் ஐ2சி பகுதி உயிரோடிருக்கும், விட்ட இடத்திலேயே நிற்கும்.

பிகினுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். எஸ்டிஏ லோவாக இருந்தால், எஸ்சிஎல்லை 5 மைக்ரோ செகண்ட் லோ, 5 மைக்ரோ செகண்ட் விடுதலை என்று மாற்றி மாற்றி அதிகபட்சம் 9 முறை. ஒவ்வொரு முறையும் எஸ்டிஏவைப் பாருங்கள், ஹை ஆனதும் நிறுத்துங்கள். 9 ஏனென்றால், மிச்சமிருக்கும் பிட்கள் முடிந்து ஏக்நாலெட்ஜ் ('கிடைத்தது' என்று சொல்லும் பிட்) இடம் வரும். அங்கே யாரும் லோ இழுக்காததால் ஸ்லேவ் கைவிட்டுவிடும். பிறகு ஒரு ஸ்டாப் (பேச்சு முடிந்தது என்ற சைகை): எஸ்சிஎல் லோ, எஸ்டிஏ லோ, எஸ்சிஎல்லை விடு, எஸ்டிஏவை விடு. 'விடு' என்றால் பின்னை இன்புட் ஆக்குவது. அவுட்புட் ஹை கொடுத்தால் ஸ்லேவோடு மோதும்.

வயர் டைம்-அவுட் வைத்தால் புரோகிராம் நிற்காது, ஆனால் பஸ் விடுபடாது. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

கேட்டவர்:
4.7 கிலோவும் 9 கிளாக்கும் போட்டதும் இரண்டும் சரி. ஆனால் ஈஈப்ராமில் 64 பைட் பக்கத்தை ஒரே தடவையில் எழுதினால் முதல் 30 மட்டும் பதிகிறது.

பதில் 1:
வயர் பஃபர் 32 பைட், அதில் 2 மெமரி முகவரிக்குப் போய்விடும். மிச்சத்தை லைப்ரரி சத்தமில்லாமல் உதறிவிடும்; ஒவ்வொரு பைட்டாக எழுதினால், ரைட் 0 திருப்பித் தருவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அதற்காக 30, 30 ஆக எழுதாதீர்கள். மூன்றாவது துண்டு பக்க எல்லையைத் தாண்டும், தாண்டியவை அதே பக்கத்தின் தொடக்கத்தில் போய் விழுந்து பழைய டேட்டாவை அழிக்கும். 16, 16 ஆக, 16-ஆல் வகுபடும் முகவரியிலிருந்து எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு சிப் 5 மில்லி செகண்ட் வரை பதில் தராது. சிப்பின் முகவரியை மட்டும் அனுப்பிக்கொண்டே இருங்கள், எண்ட்டிரான்ஸ்மிஷன் 2-க்குப் (சிப் பதில் தரவில்லை) பதில் 0 தரும்போது அடுத்த துண்டை அனுப்பலாம்.