படைவீரர் குடும்பத்தின் படிப்புப் பணம்: 90/10 விதி காப்பாற்றுமா?

கில்லீன் கயல்:
அமெரிக்க ராணுவம் மொழி தெரிந்தவர்களைச் சேர்த்த மாவ்னி திட்டத்தில் தமிழும் இருந்தது. என் கணவர் அந்த வழியாகப் போனவர்தான். ஆறு வருடம் முடிந்ததும், இன்னும் நான்கு வருடம் இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்து, படைவீரர்களுக்கு அரசு தரும் ஜி.ஐ. பில் படிப்பு உதவியை எனக்கு மாற்றிவிட்டார். மொத்தம் 36 மாதம். அதில் 14 மாதத்தை லாபத்துக்கு நடத்தும் ஒரு ஆன்லைன் கல்லூரியில் செலவழித்தேன். சேர்கிற வரை தினமும் போன் வரும். மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறப் போனபோது அங்கே வாங்கிய கிரெடிட் (பாடப் புள்ளி) ஒன்றைக்கூட ஏற்கவில்லை. லாபநோக்குக் கல்லூரியின் வருமானத்தில் அரசு உதவி 90 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 90/10 விதி. படைவீரர் படிப்புப் பணம் அந்த 90இல் சேராமல் இருந்த ஓட்டையை 2021இல் அடைத்தது சரிதான், ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது என்பது என் கருத்து. நான்கு வருடம் கூடுதலாக உழைத்துச் சம்பாதித்தது இது. ஏமாற்றிய கல்லூரியிடமிருந்து மாதங்களைத் திரும்ப வாங்கித் தர சட்டம் வேண்டும்.

நார்ஃபோக் ராஜசேகர்:
உங்களுக்கு நடந்தது வருத்தமாக இருக்கிறதம்மா. ஆனாலும் அந்த விதியை என்னால் ஆதரிக்க முடியவில்லை. நான் கடற்படையில் இருந்தவன். கப்பலில் ஆறு மாதம், கரையில் கொஞ்ச நாள். எந்த மாநிலக் கல்லூரியின் வகுப்பு நேரமும் எனக்கு ஒத்துவரவில்லை. நான் பட்டம் வாங்கியதே லாபநோக்குக் கல்லூரி ஒன்றில்தான், அந்தப் பட்டத்தை வைத்துத்தான் இன்று வேலை பார்க்கிறேன். 90/10 விதி கல்லூரி நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறதா என்று பார்ப்பதில்லை, பணம் யார் பையிலிருந்து வருகிறது என்று மட்டும் பார்க்கிறது. அரசுக் கல்லூரிக்கும் லாபமற்ற கல்லூரிக்கும் அது கிடையாது. அங்கேயும் பாதியில் நிற்கிறவர்கள் இல்லையா? ஏழை மாணவர்களையும் படைவீரர்களையும் அதிகமாகச் சேர்க்கிற கல்லூரி இயல்பாகவே 90ஐத் தொட்டுவிடும்.

முத்து (நிதியுதவி அலுவலகம்):
கல்லூரி நிதியுதவிப் பிரிவில் வேலை பார்க்கிறேன், அந்த ஓட்டை எப்படி வேலை செய்தது என்று மட்டும் சொல்கிறேன். லாபநோக்குக் கல்லூரியின் வருமானத்தில் மத்தியக் கல்வித் துறையின் கடனும் மானியமும் 90 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இருந்தது. 1992இல் அது 85 ஆக இருந்தது, 1998இல் 90 ஆனது. மீதி 10 வெளியிலிருந்து வரவேண்டும். தன் கைக்காசைப் போட்டுப் படிக்க ஆள் வந்தால் அந்தப் படிப்புக்கு மதிப்பு இருக்கிறது என்பதுதான் கணக்கு. ஆனால் ஜி.ஐ. பில் பணமும் ராணுவத்தின் டியூஷன் உதவியும் அந்த 10இல் எண்ணப்பட்டன. இரண்டும் அரசுப் பணம்தானே! அதாவது ஒரு படைவீரர் கொண்டுவரும் ஒவ்வொரு டாலருக்கும் கல்லூரி இன்னும் 9 டாலர் மத்திய உதவியை இழுத்துக்கொள்ள முடிந்தது. அந்த தினசரி போனுக்குக் காரணம் இதுதான். 2011இல், அரசின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பில் படைவீரர் பிரிவைக் கவனித்த ஹாலி பெட்ரேயஸ் இதைத்தான் எழுதினார்: அந்தக் கல்லூரிகளுக்குப் படைவீரர்கள் சீருடை போட்ட டாலர் குறிகள் என்று. அரசுத் தளம் போலவே தெரிந்த ஜிஐபில்.காம் என்ற தளத்தை ஒரு விளம்பர நிறுவனம் நடத்தி, 2012இல் மாநில அட்டர்னி ஜெனரல்களுடன் (மாநில அரசுகளின் தலைமை வழக்கறிஞர்கள்) சமரசம் செய்து 25 லட்சம் டாலர் கட்டியது. தளம் படைவீரர் நலத்துறைக்குப் போனது.

நார்ஃபோக் ராஜசேகர்:
போலித் தளத்தை மூடியதற்கு நானும் கை தட்டுகிறேன். பொய் சொல்லி ஆள் சேர்த்தால் வழக்குப் போடுங்கள், அனுமதியைப் பறியுங்கள். ஆனால் ஓர் உதவி எந்தக் கணக்கில் எண்ணப்படுகிறது என்பதை மாற்றினால், நேர்மையாக நடக்கிற கல்லூரியும் படைவீரரைச் சேர்க்கத் தயங்கும். கப்பலில் இருக்கும் பையனுக்கு அப்புறம் எங்கே இடம்?

இன்னொன்று. குடும்பம் சம்பாதித்த பணம் என்கிறீர்கள். குடும்பத்துக்கு மாற்றும் பிரிவு படையில் ஆள் சேர்க்கவும், இருப்பவரைத் தக்கவைக்கவும்தான் என்று சட்டமே சொல்கிறது. எல்லாருக்கும் உரிய உரிமையாக அதை எழுதவில்லை.

கில்லீன் கயல்:
சரி, தக்கவைக்கத்தான் கொடுத்தார்கள். தக்கவைத்தும் விட்டார்களே! என் கணவர் அந்த நான்கு வருடத்தையும் முடித்தார். அவர் படையில் இருக்கும்வரை, மனைவி என்பதால் எனக்கு வீட்டுப்படிகூடக் கிடையாது. பிள்ளை படித்தால் உண்டு, மனைவிக்கு இல்லை. அதையும் ஏற்றுக்கொண்டுதான் படித்தேன்.

இதையும் யோசித்துப் பாருங்கள். சொன்ன நான்கு வருடத்தை முடிக்காமல் அவர் வெளியே வந்திருந்தால், எனக்காகக் கட்டிய பணம் கடனாக மாறி எங்கள் இரண்டு பேர் தலையிலும் விழும். கூட்டுப் பொறுப்பு. நாங்கள் வாக்குத் தவறினால் கடைசி டாலர் வரை கேட்பார்கள். கல்லூரி வாக்குத் தவறினால் என் 14 மாதத்துக்கு யாரும் பொறுப்பில்லை.

நார்ஃபோக் ராஜசேகர்:
உடல்நிலை காரணமாக வெளியே வந்தால் அந்தக் கடன் இல்லை, அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் கேட்பது நியாயம்தான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. 2017 சட்டத்தில் மாதங்களைத் திரும்பத் தரும் ஏற்பாடு வந்ததே, அது பொருந்தாதா?

முத்து (நிதியுதவி அலுவலகம்):
பொருந்தாது. கல்லூரி மூடினாலோ, பாடத்துக்கான அனுமதி போனாலோதான் அந்தச் சட்டம் மாதங்களைத் திருப்பித் தருகிறது. 2015இல் கொரிந்தியன், 2016இல் ஐ.டி.டி. டெக் என்ற லாபநோக்குக் கல்லூரிகள் மூடி மாணவர்கள் நடுத்தெருவில் நின்ற பிறகு வந்தது அது. கயல் படித்த கல்லூரி இன்னும் திறந்திருக்கிறது. கல்விக் கடன் வாங்கிப் படித்தவர் என்றால், ஏமாற்றப்பட்டேன் என்று காட்டித் தள்ளுபடி கேட்க ஒரு வழியாவது உண்டு.

நார்ஃபோக் ராஜசேகர்:
அப்படியானால் கடன் வாங்கியவருக்கு இருக்கிற வழி படைவீரர் குடும்பத்துக்கும் வேண்டும். ஏமாற்று நிரூபணமானால் மாதங்கள் திரும்பட்டும், பணத்தை அந்தக் கல்லூரியிடம் வசூலிக்கட்டும், வரி கட்டுகிறவரிடம் அல்ல. இதற்கு நான் கையெழுத்துப் போடத் தயார். 90/10 விஷயத்தில் என் எண்ணம் மாறவில்லை. எல்லாக் கல்லூரிக்கும் ஒரே அளவுகோல் வரட்டும், அன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன்.

கில்லீன் கயல்:
எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல் வரும்வரை இருக்கிற பூட்டைக் கழற்றக் கூடாது என்பேன். மற்றதில் நீங்கள் சொன்னது எனக்குச் சம்மதம், சார்.

நார்ஃபோக் ராஜசேகர்:
உங்கள் கணவர் இன்னும் படையில்தானே இருக்கிறார்? வெளியே வருவதற்குள் பாதுகாப்புத் துறையின் மில்கனெக்ட் தளத்தில் ஒவ்வொரு பிள்ளை பெயருக்கும் ஒரு மாதமாவது மாற்றச் சொல்லுங்கள். பெயர் இருந்தால் மாதங்களைப் பின்னால் கூட்டிக் குறைக்கலாம். வெளியே வந்த பிறகு புதுப் பெயர் சேர்க்க முடியாது.

கில்லீன் கயல்:
பெரியவள் பெயர் இருக்கிறது. சின்னவன் பெயரை இன்னும் சேர்க்கவில்லை. இன்று இரவே அவரை உட்கார வைக்கிறேன்.