சைக்கிள் பழுது பற்றி 30 பக்கக் கையேடு: எதை வெட்டுவது?

கேள்வி:
வணக்கம். சைக்கிளை நாமே சரிசெய்து கொள்வது பற்றி ஒரு கையேடு எழுதியிருக்கிறேன். பஞ்சர், பிரேக், செயின், வீல் பெண்டு எடுப்பது எல்லாம் சேர்ந்து 140 பக்கம் வந்துவிட்டது. நேரமில்லாதவர்கள் ஒரே மூச்சில் படிக்கிற மாதிரி 30 பக்கத்துக்குள் கொண்டுவர ஆசை. ஆனால் சுருக்கச் சுருக்க எல்லாமே மேலோட்டமாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1:
சுருக்காதீர்கள், பிரித்துவிடுங்கள். பல வருடமாகச் செய்முறைப் புத்தகங்களுக்கு எடிட்டிங் செய்கிறேன். சின்னப் புத்தகம் என்றால் ஒரே ஒரு வேலை, அவ்வளவுதான். உங்களிடம் இருப்பது நாலு புத்தகம். பஞ்சரை முதலில் எடுங்கள்.

ரப்பர் வரலாறு, டயர் வகைகள், சைக்கிள் ஓட்டுவதன் நன்மைகள் எல்லாம் போகட்டும். புத்தகத்தைத் திறக்கிறவர் காற்று இறங்கிய வண்டியோடு நிற்கிறார்.

ஆனால் வேலை செய்கிறவரின் கை தயங்குகிற இடம் என்று ஒன்று இருக்கும். அங்கே ஒரு வரியைக்கூட வெட்டக்கூடாது. பஞ்சரில் அது சொல்யூஷன் தடவுகிற இடம். "சொல்யூஷன் தடவி ஒட்டவும்" என்று மட்டும் எழுதினால் படிப்பவர் ஈரத்தோடு ஒட்டிவிடுவார், பிடிக்காது. ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், ஒட்டுத் துண்டைவிடக் கொஞ்சம் அகலமாகத் தடவ வேண்டும், ஈரப் பளபளப்பு மங்கும்வரை விட வேண்டும். அப்புறம்தான் ஒட்டு. ட்யூபைத் திரும்பப் போடுவதற்கு முன்னால் டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். முள் அங்கேயே இருந்தால் மறுபடி குத்தும். இதற்கெல்லாம் எத்தனை பக்கம் ஆனாலும் கொடுங்கள். வீலைக் கழற்ற ஒரு படமும் மூன்று வரியும் போதும்.

பதில் 2:
கிண்டிலில் மின்னூலாகப் போடுவதாக இருந்தால் ஒரு விஷயம். வாங்கும் முன் இலவசமாகப் பார்க்கக் கிடைப்பது தொடக்கத்தில் சுமார் 10 சதவீதம். 30 பக்கத்தில் அது 3 பக்கம். சமர்ப்பணம், நன்றியுரை, முன்னுரை மூன்றும் அதைத் தின்றுவிடும். எல்லாவற்றையும் கடைசிக்குத் தள்ளிவிட்டு முதல் பக்கத்திலேயே வேலையை ஆரம்பியுங்கள். அச்சில் நடுவே பின் அடித்துப் போடுவதென்றால் பக்கங்கள் நாலின் மடங்காக வர வேண்டும், அதனால் 28 அல்லது 32 என்று திட்டமிடுங்கள்.

பதில் 3:
மேலே சொன்னதோடு ஒரு பக்கம் சேர்க்கச் சொல்வேன்: எப்போது ஒட்டக்கூடாது என்று. வால்வு அடியில் கிழிந்திருந்தால் ஒட்டு நிற்காது, ட்யூபையே மாற்ற வேண்டும். அது தெரியாதவர் மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவார். அப்புறம், எழுதி முடித்ததும் பஞ்சரே ஒட்டாத ஒருவரிடம் கொடுத்துப் பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள். எந்த வரியில் உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ அந்த வரியைத் திருப்பி எழுத வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் மிக்க நன்றி. பஞ்சர் மட்டும்தான், முடிவு செய்துவிட்டேன். இன்னொன்றும் தோன்றியது. வீலைக் கழற்றாமலே டயரின் ஒரு பக்கத்தை நெம்பி ட்யூபை வெளியே இழுத்து ஒட்டலாம். கழற்றும் அத்தியாயம் மட்டும் 9 பக்கம்; அதை அப்படியே எடுத்துவிடுகிறேன்.