அடிவாரச் சுவரில் காட்டெருமையா, பேர் தெரியாத மரமா?

அடிவாரத்தான்:
ஏற்காடு மலைப்பாதை தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் தெரு நலச்சங்கத்துக்கு இருபதடி நீளத்தில் ஒரு சுவர் இருக்கிறது. போஸ்டர் ஒட்டி ஒட்டிப் பாழாகிவிட்டது. வெள்ளையடித்து, சேர்வராயன் மலைக்கு அடையாளமாக ஒரே ஒரு படம் வரையப்போகிறோம். கூட்டத்தில் பாதிப்பேர் காட்டெருமை என்கிறார்கள். ஒருவர் வரையாடு என்றார். என் ஓட்டு காட்டெருமைக்கு. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

செவ்வாப்பேட்டை:
வரையாடு சொன்னவருக்கு ஒரு கும்பிடு. மாநில விலங்குதான், ஆனால் அது வாழ்வது மேற்குத் தொடர்ச்சி மலையில். நம்முடையது கிழக்குத் தொடர்ச்சி. மேட்டூர் அணைக்கு முக்கொம்பு படத்தைப் போட்ட கதையாகிவிடும்.

காட்டெருமையும் நமக்கென்று தனியாக உள்ளதில்லை. முதுமலையில் இருக்கிறது, கொடைக்கானலில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வருகிறது. இந்த மலைக்கே உரிய மரம் ஒன்று உண்டு: வெர்னோனியா ஷெவராயென்சிஸ். பேரிலேயே சேர்வராயன் இருக்கிறார். சூரியகாந்திக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் பெரும்பாலும் செடிகள்தான், இதுவோ மரமாக எழுந்து நிற்கிறது. அழிவின் விளிம்புக்குப் போனதால் ஏற்காட்டில் ஆர்க்கிட் செடிகள் வைத்திருக்கும் தாவரவியல் தோட்டத்தில் அதற்குக் கன்று வளர்க்கிறார்கள். அதை வரையுங்கள்.

அடிவாரத்தான்:
அண்ணா, பச்சையாக ஒரு மரத்தை வரைந்தால் பார்க்கிறவன் புங்கமரம் என்பான். கீழே பேர் எழுதலாம் என்றால் அந்தப் பேரைப் படிப்பதற்குள் இரண்டாவது வளைவு வந்துவிடும். காட்டெருமைக்குப் பேரே எழுத வேண்டாம். கறுத்த உடம்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி கால். குழந்தைகூடச் சொல்லிவிடும்.

காப்பித்தோட்டம்:
கீழே உட்கார்ந்துகொண்டு நன்றாகவே வரைவீர்கள் தம்பி. போன தை மாதம், பழம் பறிக்கிற நேரம். விடியற்காலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் போனால் பத்தடி தள்ளி ஒரு காளை நிற்கிறது. தொட்டி விளிம்பு அதன் நெஞ்சுக்குக்கூட எட்டவில்லை. மூச்சு விடுவது மோட்டார் ஓடுவது போலக் கேட்டது. நான் அசையவில்லை, அதுவும் அசையவில்லை. அப்புறம் திரும்பி, வந்த வழியில் போகாமல் காப்பிச் செடிகளுக்குள்ளேயே நடந்து போயிற்று. அது தின்றது ஒன்றுமில்லை. மிதித்தே இரண்டு வரிசை போயிற்று.

அடையாளம் வேண்டும் என்றால் காப்பியை வரையுங்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தது. 200 வருஷம் ஆகிறது. இன்னமும் அது வெளியூர்ச் செடியா?

செவ்வாப்பேட்டை:
கேட்கப்பட்டது இயற்கை அடையாளம். ஊருக்கு என்ன பெருமை என்று கேட்டால் நான்கூட மல்கோவா என்று சொல்லிவிட்டுப் போவேன்.

மலையூர்க்காரி:
வணக்கம். எங்கள் ஊர் மேலே, கோயிலுக்குப் பக்கம். கலெக்டர் வருவதற்கு முன்பும் இங்கே ஊர் இருந்தது, அதையும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பியோடு எனக்குச் சண்டையில்லை. நானே கூலிக்குப் பழம் பறித்தவள். பேச வேண்டியது அதன் தலைக்குமேல் நிற்கிற சில்வர் ஓக்கைப் பற்றி. ஆஸ்திரேலிய மரம். சீக்கிரம் வளரும், நேராக நிற்கும், மிளகுக்கொடி ஏற்றலாம், வெட்டி விற்கலாம். எல்லாம் சரி. ஒரு பறவைக்காவது அதில் பழம் உண்டா? அத்தி, நாவல், பலா நிழலில் காப்பி வளரும் தோட்டத்தில் ஒரு காலையில் நின்று பாருங்கள், அப்புறம் சில்வர் ஓக் தோட்டத்தில் நின்று பாருங்கள். காது சொல்லிவிடும்.

எங்கள் கோயில் காட்டில் விழுந்த விறகைக்கூட எடுக்க மாட்டோம். அங்கேதான் பழைய மரங்கள் மிஞ்சியிருக்கின்றன. என்னைக் கேட்டால் சந்தனம்.

காப்பித்தோட்டம்:
சில்வர் ஓக் இல்லாமல் நான்கு வருஷம் தோட்டம் நடத்திப் பாருங்கள் அம்மா. காப்பி விலை விழுகிற வருஷம் அந்த மரம்தான் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டும்.

மலையூர்க்காரி:
அதை நான் மறுக்கவில்லைங்க. சுவரில் வரைகிற அளவுக்கு நம்முடையதா என்றுதான் கேட்டேன்.

செவ்வாப்பேட்டை:
சந்தனம் அழகுதான், ஆனால் சந்தனம் என்றதும் நம் ஆட்களுக்கு ஞாபகம் வருவது கடத்தல். 2002இல் சட்டம் மாறும் வரைக்கும் பட்டா நிலத்தில் தானாக முளைத்தாலும் அது அரசாங்க மரம். பயந்துபோய்க் கன்றிலேயே பிடுங்கிப் போட்டவர்கள் எத்தனை பேர்.

மலையூர்க்காரி:
பிடுங்கினாலும் திரும்ப முளைக்கும். கருநீலமாகச் சின்னப் பழம், சின்னான் குருவி தின்றுவிட்டு வேலியோரம் எச்சமிடும். பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரை ஒட்டிக்கொண்டு உறிஞ்சித்தான் வளரும். வேலியில் செடி இருக்கிற வரைக்கும் அதுவும் இருக்கும்.

அடிவாரத்தான்:
சரி, பறவையும் வந்துவிட்டது. அக்கா, எல்லாரும் சேர்ந்து என் சுவரை மிருகக்காட்சி சாலை ஆக்கிவிடாதீர்கள். அதற்குத்தான் குரும்பப்பட்டி இருக்கிறது.

செவ்வாப்பேட்டை:
காட்டெருமைதான் என்றால் பேரையாவது சரியாக எழுதுங்கள். அது எருமை இல்லை, மாட்டு இனம். காட்டுமாடு. நம் பழம்பாட்டுகளில் ஆமா, ஆமான் என்றே வருகிறது.

அடிவாரத்தான்:
சுவரில் "ஆமா" என்று எழுதினால் "என்னடா ஆமா?" என்று பக்கத்தில் கரியால் எழுதிவிட்டுப் போவான். விடுங்கள். பெயிண்டர் சனிக்கிழமை வருகிறார், அவருக்கு ஏதாவது ஒரு படம் கொடுத்தாக வேண்டும். அண்ணா, அந்த மரத்துக்குத் தமிழில் பேர் உண்டா? இருந்தால் கூட்டத்தில் நானே உங்கள் பக்கம் பேசுகிறேன்.

செவ்வாப்பேட்டை:
நான் கேட்டதில்லை. மலையூர்க்காரி அக்காதான் சொல்ல வேண்டும்.

மலையூர்க்காரி:
இலைப் படத்தை அனுப்புங்கள், பாட்டியிடம் காட்டுகிறேன்.

மலையூர்க்காரி:
காட்டினேன். செல்போனைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார். "இலையை மோந்து பார்க்காமல் எப்படிச் சொல்வது? பூக்கிறபோது ஒரு கிளை கொண்டு வரச் சொல்" என்றார்.

அடிவாரத்தான்:
எப்போது பூக்கும்? பெயிண்டரிடம் தள்ளிப்போடச் சொல்லிப் பார்க்கிறேன்.