வீடியோ அழைப்பில் வார்டைப் பார்ப்பவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு மருத்துவமனையின் தரப்பிரிவில், நோயாளிப் பாதுகாப்பு வேலையில் இருக்கிறேன். 2020 மார்ச் ஊரடங்கில் நேரில் போய் வார்டில் நிற்பது நின்றுபோனது. நிலைமை சரியான பிறகும் வெளியூர்க் கிளைகளைப் பெரும்பாலும் வீடியோ அழைப்பில்தான் பார்க்கிறோம்.

யார் தப்பு செய்தார் என்று தேடுவது எங்கள் வேலை இல்லை. திறமையான செவிலியரையும் தவறவைக்கிற மாதிரி அலமாரியோ மருந்து செலுத்தும் பம்ப்போ ஷிஃப்ட்டோ எங்கே அமைந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. காகிதத்தில் நினைத்து வைத்திருக்கும் வேலை ஒன்று, நிஜத்தில் நடக்கும் வேலை வேறு என்று டென்மார்க்கைச் சேர்ந்த எரிக் ஹோல்நேகல் பிரித்துச் சொல்வார். வீடியோவில் முதலாவதுதான் சுலபமாகத் தெரியும்.

ஒரு கிளையில் கண்காணிப்பாளர் மேடமே போனைப் பிடித்துக்கொண்டு ஐசியூவைச் சுற்றிக் காட்டினார். பொட்டாசியம் குளோரைடு தனி அலமாரியில், பூட்டோடு, சிவப்பு லேபிளோடு இருந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் சிஸ்டர்கள் விதிமுறையை ஒப்பித்தார்கள். எல்லாம் சரி.

அடுத்த முறை, மேடத்தின் சம்மதத்தோடு, நைட் ஷிஃப்ட் சிஸ்டர் ஒருவரையே போனை எடுத்துக்கொண்டு வழக்கமான வேலையைச் செய்யச் சொன்னோம். பதிவு செய்ய மாட்டோம், பெயர் எழுத மாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். அவர் நேராக டிராலிக்குப் போனார். கிட்னி ட்ரேயில் 10 மில்லி பிளாஸ்டிக் ஆம்பியூல்கள், அதாவது ஊசி மருந்து அடைத்த சின்னக் குப்பிகள், கிடந்தன. சில ஊசிக்கான தண்ணீர், சில பொட்டாசியம். இரண்டும் நிறமற்றவை, ஒரே உயரம். எழுத்துக்கு மை கிடையாது, பிளாஸ்டிக்கிலேயே புடைத்து நிற்கும். ட்யூப்லைட் பக்கம் சாய்த்துப் பிடித்த பிறகுதான் என்னாலும் படிக்க முடிந்தது. 15 சதவீதக் கரைசல் என்றால் அந்த ஒரு ஆம்பியூலில் 20 மில்லிஈக்விவேலன்ட் (உப்பின் அளவைச் சொல்லும் அலகு) பொட்டாசியம். கலக்காமல் ரத்தக்குழாயில் ஏற்றினால் இதயம் நின்றுவிடலாம்.

ஏன் வெளியே இருக்கிறது என்று கேட்டேன். "சாவி இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட, மேடம். ராத்திரி அவங்க வேற மாடியில இருப்பாங்க. பேஷன்ட் காத்திருக்க முடியாதே" என்றார். அப்புறம் தயங்கி, "திட்டுவீங்களா?" என்றார். அந்தக் கேள்வி இன்னும் என்னை வருத்துகிறது. நோயாளிக்குத் தாமதமாகக் கூடாது என்று நினைத்தவர் பயப்படும்படி நாம் வைத்திருக்கிறோம்.

அந்த ஆம்பியூல்களை அந்த வார்டிலிருந்தே எடுத்துவிட்டோம். இப்போது மருந்தகத்திலிருந்து கலந்த பையாகவே வருகிறது. மேடம் கெட்டிக்காரர், நேர்மையானவர். அவர் எதையும் மறைக்கவில்லை. அவர் கையில் போன் இருந்தால் சிஸ்டர்கள் வேறு மாதிரி நடக்கிறார்கள், அவ்வளவுதான். அதனால் என்னைப் பொறுத்தவரை, நல்ல கேமராவைவிட போன் யார் கையில் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

பதில்: ஐசியூ செவிலியர், திருச்சி

நான் போனுக்கு இந்தப் பக்கம் இருந்தவள். கோவிட் சமயத்தில், ஒவ்வொரு முறையும் பிபிஇ கவச உடை போட்டு உள்ளே போவதைக் குறைக்க சிரிஞ்ச் பம்ப்புகளை அறைக்கு வெளியே வைத்து, பிஎம் லைன் என்கிற மெல்லிய நீளக் குழாய்களை ஒன்றோடொன்று இணைத்து மருந்து ஓட்டினோம். டேப்லெட்டில் பார்த்துக்கொண்டிருந்த குழுவுக்கு இது நல்ல யோசனையாகத் தெரிந்தது. புதிதாகத் தொடங்கும் மருந்து முதலில் குழாயை நிரப்ப வேண்டும் என்பது படத்தில் தெரியாது. மணிக்கு 3 மில்லி ஓட்டத்தில் ஒவ்வொரு மில்லிக்கும் 20 நிமிடம். ரத்த அழுத்தம் விழாமல் காக்கும் நார்அட்ரினலினுக்கு அது மிக நீண்ட நேரம். நாங்கள் சொன்ன பிறகுதான் லைனை முன்கூட்டியே மருந்தால் நிரப்பிவிட்டு இணைப்பதை எழுத்தில் போட்டார்கள்.

இன்னொன்று, அலாரம். "உங்கள் ஐசியூ அமைதியாக இருக்கிறதே" என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் பாராட்டினார். இங்கே மூன்று பம்ப் கத்திக்கொண்டிருந்தன! வீடியோ செயலி பின்னணி இரைச்சல் என்று நினைத்து அதைத் தானாகவே வடிகட்டியிருக்கிறது. அந்த அமைப்பை அணைத்த பிறகுதான் நாங்கள் எதற்கு நடுவில் மருந்து கணக்குப் போடுகிறோம் என்று அவர்களுக்குப் புரிந்தது. தூரத்தில் இருந்து பார்க்கிறவர்கள் தயவுசெய்து அதை முதலில் அணையுங்கள்.

பதில்: மருத்துவக் கருவி வடிவமைப்பாளர், பெங்களூரு

2020இல் பிரிட்டனில் அவசரமாக வென்டிலேட்டர் செய்யும் முயற்சி நடந்தபோது, கருவியும் வேலையும் மனிதருக்கு ஏற்றபடி அமைவதைப் பற்றிய எர்கானமிக்ஸ் துறைக்கான அங்குள்ள பட்டய நிறுவனம் வடிவமைப்பாளர்களுக்கு வழிகாட்டி வெளியிட்டது. எங்களைப் போன்றவர்களுக்கும் அது உதவியது. நாங்கள் பம்ப்பின் மாதிரியை செவிலியர்களுக்குக் கூரியரில் அனுப்பி வீடியோவில் சோதித்தோம். விரலுக்கு ஒரு கேமரா, திரைக்கு ஒன்று. இரட்டைக் கையுறை போட்ட ஒருவர் 5 அழுத்தினார், 55 பதிவானது. அவர் கவனிக்காமல் அடுத்த படிக்குப் போய்விட்டார். விரல் பக்கக் கேமரா இல்லையென்றால் இது எங்களுக்கும் தப்பியிருக்கும். நெட் தாமதம் இருப்பதால் நேரத்தை மட்டும் வீடியோ அழைப்பில் அளக்காதீர்கள், அங்கேயே பதிவு செய்து வாங்குங்கள்.

பதில்: தர அலுவலர், சேலம்

பதிவு கிடையாது என்றால் எங்கள் நிர்வாகம் ஒத்துக்கொள்ளாதே? ஆதாரம் கேட்பார்களே?

முதலில் எழுதியவர்

எங்களிடமும் கேட்டார்கள். எழுத்துக் குறிப்பு மட்டும் கொடுக்கிறோம். வார்டு, ஷிஃப்ட், பொருள், இடம் இருக்கும், ஆள் இருக்காது. நோயாளிகள் தெரியாதபடி அழைப்புக்கு முன்பே படுக்கையைச் சுற்றியுள்ள திரைச்சீலையை இழுத்துவிடச் சொல்வோம். குறிப்பை மேலே அனுப்பும் முன் அந்த சிஸ்டருக்கு வாசித்துக் காட்டுகிறோம். அவரை அடையாளம் காட்டிவிடும் என்று அவர் சொல்லும் வரியை எடுத்துவிடுகிறோம்.